பி.டி. வாத்தியாரின் 19 கோப்பைகள்

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆண்கள் வாலிபாலில் 19 முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் பகலில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பெவர்லி ஹில்ஸில் ஒரு தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பி.டி. வாத்தியார். சாயங்காலம் யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகத்துக்குப் போய் வாலிபால் அணிக்குப் பயிற்சி. பல பத்தாண்டுகள் அவர் வாழ்க்கை இப்படித்தான் ஓடியது. பெயர் அல் ஸ்கேட்ஸ்.

யு.சி.எல்.ஏ. வாலிபால் பற்றிப் பேச்சு வந்தாலே நம் ஆட்கள் அங்கே படித்து ஆடிய கார்ச் கிராலியின் படத்தைத்தான் பகிர்கிறார்கள். தப்பில்லை. 1984, 1988 ஒலிம்பிக்கில் உள்ளரங்கில் தங்கம், 1996-இல் கடற்கரை வாலிபாலில் தங்கம். இரண்டிலும் தங்கம் வாங்கிய மனிதனைக் கொண்டாடாமல் யாரைக் கொண்டாடுவது? ஆனால் அந்த அணியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க என் கண் வேறொரு இடத்தில் போய் நிற்கிறது. ஸ்கேட்ஸ் பயிற்சியாளரானது 1963. ஓய்வு பெற்றது 2012. ஐம்பது சீசன், 1,239 வெற்றி. இத்தனை காலம் ஒரு பல்கலைக்கழகம் ஒரே ஆளை நம்பி அணியை ஒப்படைத்திருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

ஏன் என்று சொல்கிறேன். நானும் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவன். செட்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். எங்கள் ஊரில் லிஃப்டர் என்போம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி முடிந்ததும் ஆள் எடுப்பார்கள், சில நாள் கேம்ப், அப்புறம் ரயிலேறித் தென்மண்டலப் போட்டி. முதல் வருடம் வந்த கோச், பந்தை உயரமாக, வலையின் ஓரத்தில் நிற்கும் குச்சியான ஆன்டெனா வரை தள்ளிவிடு, அடிக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்றார். விரல் அதற்குப் பழகிவிட்டது. அடுத்த வருடம் வேறொரு கோச். அவருக்கு எல்லாமே குயிக். பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே நடுவில் ஆள் எழும்பியிருக்க வேண்டும். மூன்றாம் வருடம் இன்னொருவர். மூன்று பேருமே ஆட்டம் தெரிந்தவர்கள், நல்ல மனிதர்கள். ஆனால் மூன்று வருடமும் நாங்கள் ஒன்றாம் வகுப்பில்தான் இருந்தோம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது 1979 யு.சி.எல்.ஏ. அணியைப் பாருங்கள். அதில் இரண்டு செட்டர்கள்: கடைசி ஆண்டு மாணவர் சின்ஜின் ஸ்மித், முதலாண்டுப் பையன் கிராலி. சர்வீஸ் திரும்பக் கிடைக்கும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் நகர்வார்கள்; அந்தச் சுழற்சியில் இருவரும் எதிரெதிர் முனை. ஸ்மித் பின்வரிசையில் இருந்தால், எதிராளி சர்வீஸ் போட்ட அடுத்த நொடி வலைக்கு ஓடி வந்து லிஃப்ட் கொடுப்பார். அப்போது முன்வரிசையில் நிற்கும் கிராலி அடிப்பார். சுற்று மாறினால் வேலையும் மாறும். ஆக, வலைக்கு முன்னால் எந்நேரமும் அடிக்க மூன்று பேர். சொல்ல எளிது. ஆட்டத்தில் இரண்டு பேருடைய கையிலிருந்தும் பந்து ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் வராவிட்டால் அடிக்கிறவன் காற்றைத்தான் அடிப்பான். ஒரு கை பத்து நாள் கேம்ப்பில் பழகுவதே கஷ்டம், இது இரண்டு கை. அந்த ஆண்டு 31 ஆட்டம், 31 வெற்றி.

கிராலி இருந்த நான்கு ஆண்டில் 123 வெற்றி, 5 தோல்வி, மூன்று பட்டம். 1980 இறுதியில் மட்டும் அதே ஊர்ப் பல்கலைக்கழகமான யு.எஸ்.சி.யிடம் தோற்றார்கள். நல்ல பையன்கள் சாண்டா பார்பரா, சாண்டா மோனிகா கடற்கரைகளிலிருந்து தானாக வந்தார்கள், அதனால்தான் ஜெயித்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். மணல் உதவியது உண்மைதான். அதே மணல் யு.எஸ்.சி., பெப்பர்டைன், லாங் பீச் என்று பக்கத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் இருந்ததே! கிராலி போன பிறகும் 1983-இல் பட்டம், 1984-இல் 38 ஆட்டமும் வென்று பட்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2006 அணி. சீசனின் நடுவில் 12 வெற்றி, 12 தோல்வி. பட்டம் வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது. நம் ஊராக இருந்தால் கோச்சை மாற்று என்று அன்றைக்கே மனு போயிருக்கும். அங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அடுத்த 14 ஆட்டத்தையும் வரிசையாக வென்று, பென் ஸ்டேட் அணியை அவர்களுடைய அரங்கிலேயே வீழ்த்தினார்கள். ஸ்கேட்ஸின் பத்தொன்பதாவது பட்டம் அது, கடைசியும் அதுதான்.

பணம் கொட்டியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கல்லூரிப் பணமெல்லாம் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான். ஆண்கள் வாலிபாலுக்கு ஓர் அணி முழுவதற்கும் சேர்த்து நான்கரை உதவித்தொகைதான் கொடுக்கலாம் என்பது நீண்ட காலம் விதியாக இருந்தது. அதைத் துண்டு போட்டுப் பையன்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 1997, 2010 இரண்டு முறை பட்டம் வென்ற ஸ்டான்ஃபோர்டே, 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது ஆண்கள் வாலிபாலையும் அந்தப் பட்டியலில் போட்டது. பழைய மாணவர்கள் போராடிய பிறகு, 2021 மே மாதம்தான் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். ஸ்டான்ஃபோர்டுக்கே அந்த நிலை.

ஆகவே நம் பல்கலைக்கழக உடற்கல்வித் துறைகளுக்கு என் கோரிக்கை இதுதான்: புது ஸ்டேடியம் பிறகு கட்டிக்கொள்ளலாம். ஒரு நல்ல கோச்சைப் பிடித்து அடுத்த பத்து வருடம் இந்த அணி உன் பொறுப்பு என்று சொல்லுங்கள். தோற்கும் வருடத்திலும் அவரை மாற்றாதீர்கள்.

ஸ்கேட்ஸுக்குப் பிறகு வந்தவர் ஜான் ஸ்பெரா. 1990-களில் ஸ்கேட்ஸிடம் ஆடிப் பட்டம் வென்ற மாணவர். 2013 சீசனில் பொறுப்பேற்றார். அவரும் உடனே ஜெயிக்கவில்லை. 2018-இல் சொந்த அரங்கமான பாலி பெவிலியனில் இறுதி ஆட்டம், ஐந்து செட் போய் லாங் பீச் ஸ்டேட்டிடம் தோல்வி. 1970-இல் அதே அரங்கில், அதே லாங் பீச்சைத்தான் தோற்கடித்து முதல் பட்டம் வாங்கியிருந்தார்கள். 2023-இல் ஹவாயை வென்று, 17 ஆண்டுக்குப் பிறகு கோப்பை. 2024 இறுதியில் மறுபடியும் லாங் பீச், இந்த முறை அவர்கள் அரங்கில். மூன்றுக்கு ஒன்று என்று யு.சி.எல்.ஏ. ஜெயித்தது. மொத்தம் 21 பட்டம்.

அந்த ராத்திரி கைபேசியில் ஸ்கோரைப் பார்த்ததும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பி.டி. சாருக்குத்தான் அனுப்பினேன். எனக்கு முதலில் பந்தைக் கையில் கொடுத்தவர் அவர். விடிகாலை ஐந்தரைக்குப் பதில் வந்தது. "சரிப்பா. ரிசீவ் யாரு நல்லா எடுத்தாங்க?"