சி.டி. ஸ்கேன் வைரஸின் பெயரைச் சொல்லாது

"இருமல், காய்ச்சல் என்றால் சளிப் பரிசோதனை எல்லாம் வேண்டாம். பாம்பனில் இருந்து நேராக ராமநாதபுரம் போய் நெஞ்சு சி.டி. எடுத்தால் எந்த வைரஸ் என்று தெரிந்துவிடும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே.

சி.டி.யில் தெரிவது வைரஸ் அல்ல, நுரையீரலில் அது செய்த வேலை. ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ்' என்று ஒரு வரி வருமே, அது தேய்த்த கண்ணாடி போன்ற மங்கலான வெள்ளைத் திட்டு; ரத்தக்குழாய்க் கோடுகள் அதற்குள்ளும் தெரியும். கொரோனாவில் வரும், இன்ஃப்ளூயன்சாவில் வரும், இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தாலும் வரும். எந்த வைரஸ் என்று சொல்வது மூக்கிலோ தொண்டையிலோ எடுக்கும் பி.சி.ஆர். சோதனைதான். காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாளில் தொற்று இருந்தும் சி.டி. சுத்தமாக இருக்கலாம். கொரோனாவுக்கு முதல் சோதனையாக சி.டி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் டாக்டர்களின் அமைப்பு) 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது.

அப்புறம், சி.டி. ரிப்போர்ட்டில் 'கோராட்ஸ் 5' என்று பார்த்ததும் வீடே அலறுகிறது. அது கொரோனாவாக இருக்கும் சந்தேகத்தின் அளவு, நோயின் தீவிரம் அல்ல. பாதிப்பின் பரப்பைச் சொல்வது 25-க்கு இத்தனை என்று போடும் மதிப்பெண்.

சி.டி. வீண் என்று சொல்லவில்லை. மூச்சு வாங்கும்போது, ரத்தத்தில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது, எக்ஸ்ரேயில் தெளிவில்லாதபோது டாக்டர் எழுதினால் யோசிக்காமல் எடுங்கள். சாதாரண நெஞ்சு சி.டி.யின் கதிர்வீச்சு, எக்ஸ்ரேயைப் போலப் பல பத்து மடங்கு. வெறும் சளிக்கு அது எதற்கு?