ஆடுகிற ட்ரைபாடும் தட்டிப் பார்க்கிற விரலும்

ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகரில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் போட்டோ குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். விடியலைப் படமெடுக்கப் போன இடத்தில் சீனியர் அண்ணன் ஒருவர் என் ட்ரைபாடை, அதாவது கேமராவை நிறுத்துகிற மூன்றுகால் ஸ்டாண்டை, தட்டிப் பார்த்து ஆடுது என்று கேலி செய்தார், அதை ஒரு தம்பி மொபைலில் எடுத்துவிட்டார். வீடியோவும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டது. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்தாயிற்று. நேற்று ராத்திரி என் ஆபீஸ் தோழி ஒருத்தி, கேமரா பக்கமே போகாதவள், அதே வீடியோவை எனக்கே அனுப்பி "இது நீயாடி?" என்று கேட்டாள். நான்தான். அந்த ஆடுகிற ட்ரைபாடும் என்னுடையதுதான். சரி, இனி எழுதாமல் இருந்து என்ன ஆகப்போகிறது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூக்கிக்கொண்டு போக முடியாத ட்ரைபாட், ட்ரைபாடே இல்லை. வீட்டில் துணி காயப்போட இன்னொரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். இதை இந்தப் பதிவில் இன்னும் நான்கைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணனின் ட்ரைபாட் நல்ல ட்ரைபாட். நான் மறுக்கவே இல்லை. மூன்று கிலோவுக்குக் குறையாது, கால் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அது கார் டிக்கியிலிருந்து இறங்கி, மணலில் கொஞ்ச தூரம் நடந்து, ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. என்னுடையது பெரம்பூரிலிருந்து 29சி பஸ் பிடித்து வந்தது. மடித்தால் 40 செ.மீ., கேமராவைப் பொருத்துகிற ஹெட்டோடு சேர்த்தே எடை ஒன்றரை கிலோவுக்குள். முதுகுப்பைக்குள்ளே தண்ணீர் பாட்டிலுக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவில் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக்கூட என்னிடம் ட்ரைபாட் இருப்பது தெரியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

ஏனென்றால் நானும் பெரிய ட்ரைபாட் வைத்திருந்தவள். மடித்தாலும் 70 செ.மீ. பையின் பக்கவாட்டில் வார் போட்டுக் கட்டியிருப்பேன், தலைக்கு மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் புரசைவாக்கத்தில் பஸ் பிரேக் போட்டதில், முன்னால் நின்ற அம்மாவின் தலையில் இருந்த மல்லிகைப்பூவை அது அப்படியே கோத்து எடுத்துவிட்டது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னா துப்பாக்கியா அது? கீழ இறக்கு, யார் கண்ணையாவது குத்திடப்போவுது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அதற்கப்புறம் அந்த ட்ரைபாட் இரண்டு வருஷம் பரணில் கிடந்தது. மழைக்காலத்தில் என் மகனின் யூனிபார்ம் அதில் காயும். இரண்டு வருஷமும் கையில் வைத்தே எடுத்தேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எடுத்ததெல்லாம் கலங்கல். சாமான் பரணில் இருந்தது, படம் கலங்கிப்போனது. சொல்லுங்கள், அந்த மூன்று கிலோ ஸ்திரம் யாருக்குப் பயன்பட்டது?

அதனால்தான் இந்தச் சின்ன ட்ரைபாட் வாங்கும்போது ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்தேன். யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கவில்லை. மலிவானது கிடைத்தது என்று அள்ளிக்கொண்டும் வரவில்லை. அந்த அண்ணன் நினைப்பது அதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

பெட்டியின் மேல் இரண்டு எண்கள் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதிகபட்ச உயரம், தாங்கும் எடை. இரண்டையும் நம்பி வாங்கக் கூடாது. 150 செ.மீ. என்று போட்டிருந்தால், நடுக்கம்பத்தை முழுக்க ஏற்றினால்தான் அந்த உயரம் வரும். நடுக்கம்பத்தை ஏற்றுவது என்றால் முக்காலியின் மேல் ஒற்றைக்கால் கம்பை நட்டு அதன் உச்சியில் கேமராவை வைப்பது மாதிரி. பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் காற்றில் அது ஆடாமல் என்ன செய்யும்? நடுக்கம்பத்தை இறக்கிவைத்துவிட்டு என்ன உயரம் வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். என்னுடையது 130-க்குக் கிட்டத்தில் வரும். என் உயரமே ஐந்தடி, அதாவது 152 செ.மீ. கேமராவை மேலே வைத்தால் வியூஃபைண்டர் ஏறக்குறைய என் கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது. ஆறடி மனிதர் இதன் முன்னால் கூனிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அவர் வேறு வாங்கட்டும். என் ட்ரைபாட் என் உயரத்துக்கு வாங்கினது.

தாங்கும் எடை இன்னும் பெரிய கூத்து. 8 கிலோ, 10 கிலோ என்று போடுவார்கள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரு சோதனை முறை கிடையாது, ஆளாளுக்கு ஒரு கணக்கு. என் கேமராவும் லென்ஸும் சேர்ந்தே ஒன்றேகால் கிலோதான். உடைந்து விழுமா என்பதா கேள்வி? காற்றில் நடுங்குமா என்பதுதான் கேள்வி. அதற்குக் காலின் கடைசித் துண்டு எவ்வளவு ஒல்லி என்று பார்க்க வேண்டும். ஐந்து துண்டாக மடங்குகிற காலில் கடைசித் துண்டு பென்சில் மாதிரி இருக்கும். நான்கு துண்டு என்றால் மடித்த நீளம் கொஞ்சம் கூடும், ஆனால் கால் உறுதி. நான் நான்கு துண்டுதான் வாங்கினேன். கால்கள் மேல்நோக்கிப் புரண்டு ஹெட்டைச் சுற்றி மடங்கிக்கொள்வதால் 40 செ.மீ.-க்குள் அடங்கிவிட்டது.

பிளேட், அதாவது கேமராவின் அடியில் திருகி ட்ரைபாடில் மாட்டுகிற தகடு, அந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பட்ட அனுபவம். அந்தப் பெரிய ட்ரைபாடைப் பரணில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வேடந்தாங்கல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் மாறி, ஆட்டோ பிடித்து, வேர்த்து விறுவிறுத்துப் போய் இறங்கிப் பார்த்தால் பிளேட் வீட்டு மேஜையில். அந்தக் கம்பெனிக்கு மட்டுமே பொருந்துகிற அளவு, கூட வந்தவர்கள் யாரிடமும் அந்த மாதிரி இல்லை. ஏரி முழுக்கக் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, என் தோளில் மூன்று கிலோ இரும்புக் கழி. அன்றைக்கு முடிவெடுத்தேன், இனி பல கம்பெனிக்கும் பொருந்துகிற ஆர்கா வகை பிளேட் தவிர வேறு தொடமாட்டேன் என்று. மறந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு ரூபாய் நாணயத்தால் திருகாணியை முடுக்கினால் வேலை முடிந்தது.

சரி, இப்போது கேள்விகளுக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சிலருக்குக் கை பரபரக்கும், தெரியும்.

"கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் கேமராவிலேயே வந்துவிட்டதே, ட்ரைபாடே எதற்கு?" நியாயமான கேள்வி. கால் விநாடி, அரை விநாடிக்கு அது சமாளிக்கும். நேப்பியர் பாலத்தில் வண்டி விளக்குகளைக் கோடு கோடாக இழுக்க 15 விநாடி வேண்டும். அலையைப் பனி மாதிரி ஆக்க 20 விநாடி. யார் கையும் அவ்வளவு நேரம் நிற்காது.

"கார்பன் ஃபைபர் வாங்கியிருக்கலாமே?" வாங்கியிருக்கலாம். கிட்ஸோ கம்பெனி 1994-லேயே கொண்டுவந்துவிட்டது, புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பீக் டிசைன் கம்பெனியின் டிராவல் ட்ரைபாடை எடுத்துப் பாருங்கள், அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் எடையில் வித்தியாசம் சுமார் 300 கிராம். விலையில் வித்தியாசத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. கிளம்பும்போது தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பினால் எனக்கு அந்த 300 கிராம் மிச்சம்.

"இருந்தாலும் லேசான ட்ரைபாட் ஆடத்தானே செய்யும்?" ஆடும். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கிற பெரிய டெலி லென்ஸைப் போட்டு, கடல் காற்றில், நடுக்கம்பத்தையும் ஏற்றினால் நன்றாகவே ஆடும். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நான் அப்படிச் செய்வதில்லை. கால்களை மணலில் அழுத்திப் புதைத்து, ஒரு அலை வந்து போகட்டும் என்று காத்திருந்து, அடிமணல் அரித்துக் கால் இறங்குகிற மட்டும் இறங்கினபின், லெவல் பார்த்து, இரண்டு விநாடி டைமர் வைத்து எடுப்பேன். பையை நடுவில் கொக்கியில் தொங்கவிடும்போதும் அடி மணலைத் தொடுகிற மாதிரி விடுவேன், இல்லாவிட்டால் காற்றுக்குப் பையே ஊஞ்சலாடும். இதெல்லாம் தெரிந்துதான் செய்கிறேன் அண்ணே.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன்.

அதில் பார்த்திருப்பீர்கள். அண்ணன் வருகிறார், "சிஸ்டர், இது ட்ரைபாடா செல்ஃபி ஸ்டிக்கா?" என்கிறார், ஆள்காட்டி விரலால் காலை ஒரு தட்டு தட்டுகிறார், "பாருங்க பாருங்க, ஆடுது" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். வீடியோவில் தெரியாத ஒன்று இருக்கிறது. அவர் தட்டியபோது ஷட்டர் திறந்திருந்தது. வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் போட்டு 20 விநாடி எக்ஸ்போஷர், ஏறக்குறைய பாதி ஓடியிருந்தது. சூரியனின் முதல் கீற்று தண்ணீரில் பட்ட நேரம். அந்தப் படத்தில் சூரியன் இரண்டாக இருக்கிறது, மண்டபத்தின் விளிம்பு மூன்றாக இருக்கிறது. அடுத்த படம் எடுப்பதற்குள் வெளிச்சம் வெள்ளையாகிவிட்டது.

தட்டினால் எந்த ட்ரைபாடும் ஆடும். அவருடையதும் ஆடும், தட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஆட்டம் எத்தனை விநாடியில் அடங்குகிறது என்பதுதான் கணக்கு. அதைப் பார்க்க அவர் காத்திருக்கவில்லை, சிரிப்பு வந்ததும் போய்விட்டார்.

எங்கள் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். ட்ரைபாட் என்று சொல்லமாட்டார், ஸ்டாண்டு. தேக்கு மரத்தில் செய்தது. பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுக்க அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவார், சில நாள் நானும் முன்கம்பியில் உட்கார்ந்து போவேன். கால்கள் விரியாமல் இருக்கச் சணல் கயிறு கட்டுவார், காற்று அடித்தால் நடுவில் ஒரு செங்கல்லைத் தொங்கவிடுவார். ஆறு வயதில் ஒரு தடவை ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா என்னை அடித்ததே இல்லை. அன்றைக்கு மட்டும் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு, "அடுத்தவன் ஸ்டாண்டு மேல கை வைக்கக் கூடாது பாப்பா, அது அவன் கண்ணு மாதிரி" என்றார். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, அந்தத் தொழிலில் இருந்த எல்லாருக்கும் தெரிந்த மரியாதை. இருபது வருஷ சீனியர் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"ஜாலிக்குத் தட்டினார், இதைப்போய்ப் பெரிசுபடுத்தறீங்களே" என்று ஏற்கெனவே இரண்டு பேர் இன்பாக்ஸில் வந்துவிட்டார்கள். சரி, ஜாலிதான். அன்றைக்கு அங்கே பதினாறு பேர் இருந்தோம். கையில் மொபைலும் ஒரு சாண் ஸ்டாண்டும் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரித் தம்பி நின்றிருந்தார். இன்னொரு சார் என்னுடையதைவிட ஒல்லியான கால்களோடு, நடுக்கம்பத்தை உச்சி வரைக்கும் ஏற்றிவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஸ்டாண்டை யாரும் தட்டவில்லை. நான்கு பெண்கள் இருந்தோம். எங்களில் மூன்று பேருக்கு அன்று கேட்காமலே அறிவுரை கிடைத்தது. நான்காவது பெண் அந்த அண்ணனின் காரில் வந்தவர்.

"கார் வைத்திருப்பது குற்றமா?" என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. ஆனால் காரில் வருகிறவர் பஸ்ஸில் வருகிறவளுக்கு எத்தனை கிலோ ட்ரைபாட் வேண்டும் என்று முடிவு செய்யக் கூடாது. விடியலுக்குப் பெசன்ட் நகரில் நிற்க வேண்டுமென்றால் நான் எத்தனை மணிக்கு எழுந்து, வீட்டில் என்னவெல்லாம் செய்து வைத்துவிட்டு, இருட்டில் பஸ் ஸ்டாப்பில் யார் யார் பார்வையைத் தாண்டி நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கையில் பெரிய பையும் கழியுமாக நிற்கப் பிடிக்காமல்தான் எல்லாவற்றையும் ஒரே பைக்குள் அடக்கினேன். 40 செ.மீ. என்பது எனக்கு அந்தக் கணக்கு. தூக்கிக்கொண்டு போக முடியாத ட்ரைபாட், ட்ரைபாடே இல்லை என்றேனே, அதை எழுதும்போது எனக்கே அது ட்ரைபாடைப் பற்றி மட்டும்தானா என்று சந்தேகம் வருகிறது. போகட்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ட்ரைபாடின் மூன்று கால்களையும் கழற்றினேன். உப்புத்தண்ணீரில் நின்றதை அப்படியே மடித்து வைத்தால் அலுமினியம் பூத்துப்போகும், மணல் மரையில் புகுந்து திருகும்போதெல்லாம் நறநற என்று பல் கடிக்கும். பாத்ரூம் வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, பழைய டூத்பிரஷ்ஷால் ஒவ்வொரு மரையாகத் தேய்த்தேன். வாளி அடியில் கால் ஸ்பூன் மணல். என் மகன் வாசலில் நின்று பார்த்துவிட்டு "ஏம்மா வெறுங்காலோட வந்தே?" என்றான். அப்போதுதான் குனிந்து பார்த்தேன்.

குழு நிர்வாகிகளுக்கு. வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை, அது அங்கேயே இருக்கட்டும். அடுத்த ஞாயிறு ராயபுரம் ஸ்டேஷன் என்று போட்டிருக்கிறீர்கள், நான் வருகிறேன், அதே ட்ரைபாடோடு. அப்புறம், அதைப் படம் பிடித்த தம்பி இதைப் படித்தால் ஒரு உதவி. எல்லாரும் சிரிக்கிற இடத்தில், என் இடது கால் பக்கத்தில் ஒரு அலை வந்து பழுப்பு நிறச் செருப்பு ஒன்றை இழுத்துக்கொண்டு போவது தெரிகிறது. மொபைலைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி எடுத்தது ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இன்னொன்று எந்தப் பக்கம் போனது என்று பார்க்க வேண்டும்.