யோபு 4:7 யாருடைய பேச்சு?

'குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?' என்னும் வசனத்தை (வேதாகமத்தின் யோபு நூல், 4-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம்) மேற்கோள் காட்டி, நோயிலும் இழப்பிலும் தவிப்பவர் எவராயினும் தம் பாவத்துக்கான தண்டனையையே அனுபவிக்கிறார் என்பது கடவுளின் போதனை என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். அந்த வசனம் வேதாகமத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது கடவுளின் வாக்கு அன்று, பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவிடம் அவருடைய நண்பர் தேமானியனாகிய எலிப்பாஸ் கூறியது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

சரிபார்ப்பது எளிது. அதே அதிகாரத்தின் முதல் வசனம் பேசுபவரின் பெயரைச் சொல்லிவிடுகிறது. பிறகு 42:7-ஐப் பாருங்கள்: எலிப்பாஸ்மீதும் அவருடைய இரு நண்பர்கள்மீதும் தமக்குக் கோபம் மூண்டிருப்பதாகவும், யோபு பேசியதுபோல் அவர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்றும் கடவுளே கூறுகிறார், அடுத்த வசனத்தில், அவர்களுக்காக யோபு வேண்டுதல் செய்ய வேண்டும் என்ற நிலை வருகிறது. யோபு உத்தமனும் சன்மார்க்கனுமாக இருந்தார் என்பதை நூலின் முதல் வசனமே கூறுகிறது. நண்பர்கள்தாம் அதை அறியவில்லை.

எலிப்பாஸ் சொன்ன அனைத்தும் பொய் என்பதல்ல என் வாதம். அவருடைய உரையின் ஒரு வரியை (5:13) அப்போஸ்தலரான பவுலே புதிய ஏற்பாட்டில், 1 கொரிந்தியர் 3:19-இல் எடுத்தாள்கிறார். பாவத்துக்கு விளைவுகள் உண்டு என்று சொல்லும் பகுதிகளும் வேதாகமத்தில் உள்ளன. துன்பப்படும் ஒருவரைப் பார்த்து அவரைக் குற்றவாளி என்று முடிவுகட்ட இந்த வசனத்தைச் சான்றாக்க முடியாது என்பது மட்டுமே நான் கூறுவது.