அவுரி இரண்டு: நீலம் தருவது எது?

நெல்லைச் சீமையின் மானாவாரிக் காடுகளில் விளைந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறும் அவுரி இலையில்தான் உலகத்து ஜீன்ஸ் துணிக்கெல்லாம் நீலம் ஏற்றப்படுகிறது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. இது தவறு, பெயர்க் குழப்பத்தில் பிறந்த தவறு.

இப்பகுதி வியாபாரிகள் அவுரி என்று சொல்லி மூட்டை கட்டுவது பெரும்பாலும் நிலாவாரை. 'தின்னவேலி சென்னா' என்று உலக மருந்துச் சந்தை அறிந்த அந்த இலை மலச்சிக்கலுக்கான மருந்தே தவிர, அதில் நீலச்சாயம் துளியும் இல்லை. சித்த மருத்துவர் நீலி என்றும் சொல்லும் சாய அவுரி வேறு செடி. நிலாவாரையின் பூ மஞ்சள், காய் தட்டை. நீலியின் பூ இளஞ்சிவப்பு, காய் மெல்லிய உருளை. செடியைப் பார்த்தவர் குழம்பமாட்டார்.

நீலியின் பச்சை இலையிலும் நீலம் வெளிப்படையாக இருப்பதில்லை. இலையைத் தொட்டி நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, வடித்த நீரைக் காற்றுப்படும்படி அடித்துக் கலக்கினால்தான் நீலம் திரண்டு அடியில் வண்டலாகப் படியும். அந்த வண்டலும் நீரில் கரையாது என்பதால், அதை மறுபடி புளிக்கவைத்த சாயத்தொட்டியில் துணியை முக்குவார்கள். மஞ்சள் கலந்த பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப்பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.

இந்திய நீலத்தை முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி குறித்திருக்கிறார். ஜீன்ஸ் கதை வேறு: 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஜீன்ஸில் பெரும்பகுதிக்கு ஏறுவது அத்தகைய செயற்கைச் சாயம்தான்.