நோட்டில் முகம் எதற்கு?

காந்தியை நோட்டிலிருந்து எடுக்கலாமா, இன்னொரு தலைவரைச் சேர்க்கலாமா என்று சண்டை கிளம்பும்போதெல்லாம் இரண்டு பக்கமும் மரியாதையைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த முகம் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்பாரில்லை.

சுதந்திரம் வந்ததும் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இருந்த இடத்தில் காந்தியை வைக்க மாதிரிகள்கூட வரைந்தார்கள். கடைசியில் சாரநாத் சிங்கம்தான் வந்தது. 1969 நூற்றாண்டு நோட்டும் 1987-இன் 500 ரூபாயும் போக, காந்தி நிரந்தரமானது 1996 வரிசையில்தான். நகலெடுக்கும் கருவிகள் வளர்ந்து பழைய பாதுகாப்பு போதாமல் போன நேரம் அது. பூவோ கட்டடமோ கொஞ்சம் கோணினால் கண்ணுக்குத் தெரியாது. முகம் கோணினால் உடனே உறுத்தும். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் முகம் உப்பலாக அச்சாகிறது, விரலுக்குத் தட்டுப்படும். தாளுக்குள்ளேயே பதிந்த வாட்டர்மார்க் காந்தி வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெளிவார். மேசையில் கிடக்கும்போதே பளிச்சென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மொய் எழுதும் இடத்தில் கூட்டம் நெருக்கும்போது இதுதான் உதவும்.

முகத்துக்கும் மதிப்புக்கும் சம்பந்தமில்லை என்பதை நம்ம செட்டிநாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மவர்கள் தொழிலுக்குப் போன பர்மாவின் நோட்டில் அந்நாட்டுச் சுதந்திரத் தலைவர் ஆங் சான் இருந்தார். 1964-இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987-இல் 25, 35, 75, மாற்றிக்கொள்ளக்கூட விடவில்லை. 1988-க்குப் பிறகு அவர் மகள் ஆங் சான் சூச்சி ராணுவத்தை எதிர்த்து நிற்க, தகப்பன் முகம் நோட்டுகளிலிருந்து மெல்ல மறைந்தது. மறுபடி வந்தது 2020-இல், 1000 கியாத்தில். மலேசியாவில் 1967 தொடங்கி நாட்டின் முதல் மாமன்னர் முகம் ஒன்றே. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன இரண்டு ஊர், இரண்டு பாடம்.

ஆகவே என் கட்சி: ஒரே முகம், மறைந்து வெகுகாலமான முகம், அதை மாற்றாமல் வைத்திருப்பது. நோட்டுக்கொரு தலைவர் என்பதை ஒப்பமாட்டேன். அமெரிக்காவில் அது பயன்பட்டது உண்மை. கள்ளநோட்டுக்காரர்கள் 5 டாலர் நோட்டின் மையை வெளுத்து 100 அடித்தபோது உள்ளே வாட்டர்மார்க்காக இருந்த லிங்கன் காட்டிக்கொடுத்தார். அங்கே எல்லா நோட்டும் ஒரே அளவு. நம் புது வரிசையில் 100 ரூபாய் 142 மி.மீ., 500 ரூபாய் 150 மி.மீ.; சின்னதை வெளுத்துப் பெரியதாக்க முடியாது. பல முகம் வைத்தால் கை பழகிய ஒரு முகமும் போய்விடும்.

ஒரு குறை உண்டு. 2016 வரிசையில் முகத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாம் நோட்டை இரண்டாக மடித்துத்தான் செருகுகிறோம். மடிப்பு விழுவதும் மை தேய்வதும் அந்த முகத்தில்தான்.