அந்துருண்டை போட்டால் மைலேஜ் கூடாது

‘பைக்கின் பெட்ரோல் டேங்கில் இரண்டு அந்துருண்டை போடுங்கள், மைலேஜ் எகிறும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து போடாதீர்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் பெட்ரோலில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் பெட்ரோல் ஆவியாகும் இடத்தில் அது மீண்டும் படிகமாகி, என்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ஜெட்டின் நுண்துளையை அடைக்கக்கூடும். சில உருண்டைகளில் இருப்பது நாப்தலீனே அல்ல, குளோரின் அடங்கிய பாராடைகுளோரோபென்சீன். அது எரிந்தால் உலோகத்தை அரிக்கும் அமிலம் உருவாகும்.

மைலேஜ் குறைந்தால் முதலில் டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாவதாக நிரப்பிய லிட்டரால் வகுத்துக் கணக்கிடுங்கள். பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள். பிறகு, டயர் சூடாகும் முன் காற்றழுத்தத்தைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். சட்டென்று நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், முழுதாகத் திரும்பாத சோக் (குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் லீவர்) ஆகியவற்றை அடுத்துப் பாருங்கள்.