தேவகோட்டை பஸ்ஸும் நீட்டும்

நீட்டுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பில் நான் கொடுத்த ஒரு பஸ் கணக்கைத் திட்டி வந்த அந்த வாய்ஸ் மெசேஜை இந்நேரம் காரைக்குடியில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். "என் பையன் நீட்டுக்குப் படிக்கிறான், தேவகோட்டை பஸ்ல கண்டக்டராப் போறதுக்கு இல்ல." பேசியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது. கண்டக்டர் வேலையில் என்ன குறைச்சல் என்பது தனிப் பதிவு.) கீழே கைதட்டிய நாலு பேரில் இரண்டு பேர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தவர்கள்.

நான் கொடுத்த கணக்கு இவ்வளவுதான். தேவகோட்டை 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். பஸ் போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், வரும்போது 40. சராசரி வேகம் என்ன? பதினோரு பேரில் பத்துப் பேர் பேனா மூடியைக்கூடக் கழற்றாமல் 50 என்றார்கள். போக 18 நிமிஷம், வர 27 நிமிஷம். 36 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். விடை 48. மொத்த தூரத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும் என்று அந்தப் பத்துப் பேரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஃபார்முலா தெரியும். கணக்கைத்தான் வாசிக்கவில்லை.

"180 நிமிஷத்தில் 180 கேள்வி, கதை படிக்க ஏது நேரம்?" என்பீர்கள். சரி, படிக்காமல் 50-க்கான வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வரட்டும். வர வேண்டிய நாலு மார்க்கும் போச்சு, தப்பு விடைக்குக் கையிலிருந்து ஒரு மார்க்கும் போச்சு. நேரம் மட்டும் மிச்சம்.

எங்கப்பா ஆத்தங்குடித் தரைக்கல் பதிக்கிறவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டார்: ஹால் 20 அடிக்கு 12 அடி, கல் 8 அங்குலம், எத்தனை கல் வேணும்? முப்பது பதினெட்டு 540 என்று துள்ளினேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தூணு எங்கத்தா போச்சு? ஒடசலுக்குக் கல்லு யாரு குடுப்பா?" என்றார். கேள்வியில் தூணே இல்லையே என்று அழுதேன்.

"வீட்டுல இருக்குல்ல."

பிறகு பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தேன். இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை.

தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கு நீளமான கேள்வி என்றால் மொழியே தடுக்கிறது என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். நியாயம்தான். அதனால்தான் நம்ம ஊர் பஸ்ஸை நம்ம தமிழில் ஓட்டினேன். அதற்குத்தான் இந்தத் திட்டு.

மாகாணி (1/16), அரைக்கால் (1/8) என்று பின்ன வாய்ப்பாடு சொல்லி, வட்டிக்கணக்கு பழகி, ரங்கூன் வரை லேவாதேவி நடத்திய செட்டிநாட்டுச் சீமை இது. அந்தப் பையன்களை ஃபார்முலா சீட்டு கொடுத்தா கப்பல் ஏற்றினார்கள்? கணக்குத் தெரிந்துதான் இவ்வளவு பெரிய வீடுகள் எழும்பின. அந்த வீடுகளில் மண்டி போட்டுக் கல் பதித்தவரின் மகள் கேள்வி கேட்டால் மட்டும் கசக்கிறது.

சரி, இது வேறெங்கோ போகிறது. சனிக்கிழமை வகுப்புக்கு நான் ஃபீஸ் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் மரியாதை இருந்திருக்குமோ என்னவோ.

இந்தச் சனிக்கிழமையும் ஆறு மணிக்கு வகுப்பு உண்டு. அதே பஸ், அதே வேகம். தேவகோட்டையில் டீ குடிக்க 9 நிமிஷம் நிற்கிறது. அந்த நேரத்தையும் சேர்த்தால் சராசரி என்ன? கைதட்டிய இரண்டு பேரும் வரலாம். பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வாருங்கள்.